கேளிக்கைப் பூங்காவும் எளியோர் குடும்பமும்

உழைப்பின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு ஓய்வின் வரலாறு எழுதப்படவில்லை. மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டுவாரியாக மனப்பாடம் செய்கின்ற நம் மாணவர்கள், ஓர் உழைப்பாளி தன் மனைவி மக்களுடன் ஒருநாள் மகிழ்ந்திருக்கும் உரிமையை எப்போது பெற்றான், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பதை எந்தப் பாடநூலிலும் படிப்பதில்லை. ஆயினும் அதுவும் வரலாறே. ஒரு சமுதாயம் தன் எளிய மக்களை எவ்வாறு நடத்தியது என்பதை அறிய, அதன் கேளிக்கைக் கூடங்களின் வாயிலில் எழுதப்பட்டிருந்த கட்டணத்தைப் பார்த்தாலே போதும்.

இன்று பள்ளி விடுமுறை நெருங்கும்போது இல்லந்தோறும் ஒரு கேள்வி எழுகின்றது. “நாமும் அங்கே போவோமா, அப்பா?” என்று குழந்தை கேட்கின்றது. தந்தை விடை கூறுமுன் நான்கு பேருக்கான நுழைவுக் கட்டணத்தையும், பயணச் செலவையும், உணவுச் செலவையும் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கின்றார். இந்தக் கணக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 175 ஆண்டுகளாகப் பல நாட்டுப் பெற்றோர்கள் இதைப் போட்டுப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் எவ்வாறு விடை கண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு ஷில்லிங் நாள்கள்

1851ஆம் ஆண்டு மே முதல் நாள் இலண்டன் ஹைடு பூங்காவில் மாபெரும் பொருட்காட்சி ஒன்று திறக்கப்பெற்றது. கண்ணாடியாலும் இரும்பாலும் கட்டப்பட்ட அந்தப் பளிங்கு மாளிகைக்குள் முதல் நாளன்று பருவச் சீட்டு வைத்திருந்தோர் மட்டுமே நுழைய முடிந்தது. அச்சீட்டின் விலை ஆடவர்க்கு மூன்று கினி, பெண்டிர்க்கு இரண்டு கினி. அடுத்த இரு நாள்களுக்குக் கட்டணம் ஒரு பவுன். பின்னர் ஐந்து ஷில்லிங். அக்காலத்தில் இங்கிலாந்தின் வேளாண் தொழிலாளி ஒருவனின் வாரக்கூலி சராசரியாகப் பத்து ஷில்லிங்கிற்கும் குறைவு என்பதை நினைவிற்கொண்டால், அந்த வாயில் யாருக்காகத் திறந்திருந்தது என்பது விளங்கும்.

ஆனால் மே 26ஆம் நாள் முதல் நிலைமை மாறியது. திங்கள் தொடங்கி வியாழன் வரை கட்டணம் ஒரு ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் கூடுதல் கட்டணம் தொடர்ந்தது. பாமர மக்கள் திரண்டால் கலவரம் மூளும் என்று அஞ்சியவர்களும் அன்று இருந்தனர். அவர்தம் அச்சம் பொய்யாயிற்று. நாட்டுப்புறத்துக் குடும்பங்கள் சோற்று மூட்டையுடன் வந்து, அமைதியாகச் சுற்றிப்பார்த்து, அமைதியாகத் திரும்பின. அந்தப் பொருட்காட்சிக்கு அமைந்த 60 லட்சத்திற்கும் மேற்பட்ட வருகைகளுள் 40 லட்சத்திற்கும் மேற்பட்டவை ஒரு ஷில்லிங் நாள்களில் நிகழ்ந்தவையே.

கட்டணம் குறைந்ததால் மட்டுமே இது நடந்துவிடவில்லை. இரண்டு துணைகள் உடனிருந்தன. ஒன்று, இருப்புப்பாதை. 1841ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோவிற்கு ஆள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் வீதம் ஏறத்தாழ 500 பேரை அழைத்துச் சென்ற தாமஸ் குக் என்பார், 1851இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். மற்றொன்று, சேமிப்புச் சங்கம். ஆலைகளிலும் ஊர்களிலும் தொழிலாளர்கள் பொருட்காட்சிச் சங்கங்கள் அமைத்து, வாரந்தோறும் சில பென்சுகளைக் கட்டிப் பயணச் செலவைத் திரட்டினர். மலிந்த பயணம், கூட்டுச் சேமிப்பு, தாழ்ந்த கட்டணம் என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்தபோது எளியோர்க்கு வாயில் திறந்தது. இக்கட்டுரை முழுவதும் இம்மூன்றையும் நாம் திரும்பத் திரும்பச் சந்திக்கப் போகின்றோம்.

நூற்பாலைத் தொழிலாளரின் ஒரு வாரம்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்னும் மாவட்டம் உண்டு. பருத்தி ஆலைகளின் புகை சூழ்ந்த அந்நகரங்களில் ‘வேக்ஸ்’ வாரம் என்றொரு வழக்கம் நிலவியது. முதலில் தேவாலயத் திருவிழாவாக இருந்த இது, ஆலைத் தொழில் வளர்ந்தபின் நகரம் முழுவதும் ஒருசேர ஓய்வெடுக்கும் வாரமாக மாறியது. ஆலைகள் மூடப்பட்டன. கொதிகலன்கள் பழுதுபார்க்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் புகைவண்டி ஏறிக் கடற்கரை நகரமாகிய பிளாக்பூலுக்குச் சென்றன. 1846ஆம் ஆண்டிலேயே அந்நகருக்கு இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டது. 1894இல் அங்கே பெருங்கோபுரம் எழுந்தது. அதே பத்தாண்டில் ‘பிளஷர் பீச்’ என்னும் கேளிக்கைப் பூங்காவும் தோன்றியது. அந்தப் பூங்காவில் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக உள்ளே நுழைவதற்குக் கட்டணம் இல்லை என்பதும், ஏறி விளையாடுவதற்கு மட்டுமே காசு கொடுத்தனர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன.

இந்த ஒருவார விடுமுறைக்கு ஊதியம் கிடையாது. ஆலை மூடினால் கூலியும் நின்றது. ஆகவே அந்த வாரத்தில் வருவாயும் இல்லை, செலவோ மிகுதி. இந்த இடரை அம்மக்கள் எவ்வாறு வென்றனர்? ஆலையிலும் தேவாலயத்திலும் விடுமுறைச் சேமிப்புச் சங்கங்களை நடத்தினர். ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சிறு தொகையைக் கட்டி வந்தனர். விடுமுறைக்கு முந்திய நாள் அந்தப் பணம் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிளாக்பூலில் பல குடும்பங்கள் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்து, மளிகைப் பொருள்களைத் தாமே வாங்கிக் கொடுத்து, விடுதி நடத்தும் அம்மையாரைச் சமைத்துத் தரச் செய்தன. மேசைமேல் வைத்த உப்பு மிளகுக் குடுவைகளுக்கும் தனிக் காசு வாங்கிய விடுதிகள் இருந்தனவாம்! சிக்கனமும் மகிழ்ச்சியும் பகைவரல்லர் என்பதற்கு அம்மக்களின் வாழ்வே சான்று.

இந்நிலையை மாற்றியது சட்டம். 1936ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் லெயோன் புளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர் அனைவர்க்கும் இரண்டு வார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அவ்வாண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1938இல் பிரிட்டன் ஊதிய விடுமுறைச் சட்டத்தை இயற்றியது. போர் குறுக்கிட்டமையால் அதன் முழுப்பயனை மக்கள் 1945க்குப் பின்னரே நுகர்ந்தனர்.

இக்காலத்தில் தோன்றிய மற்றொரு முயற்சியையும் குறிப்பிட வேண்டும். 1936இல் பில்லி பட்லின் என்பார் ஸ்கெக்னஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். தங்குமிடம், மூன்றுவேளை உணவு, விளையாட்டு ஆகிய அனைத்திற்கும் சேர்த்து ஒரே கட்டணம். பருவத்திற்கேற்ப வாரத்திற்கு 35 ஷில்லிங் முதல் மூன்று பவுன் வரை. ஒரு வார ஊதியத்தில் ஒரு வார விடுமுறை என்பதே அவர் செய்த விளம்பரத்தின் சாரம். செலவு எவ்வளவு ஆகும் என்பது புறப்படுமுன்னரே திட்டவட்டமாகத் தெரிந்தமையால், தந்தையர் நெஞ்சில் அச்சமின்றிப் புறப்பட முடிந்தது.

ஐந்து காசில் ஒரு கடற்கரை

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் நியூயார்க்கு நகரத்து ஏழை மக்களுக்குக் கோனி ஐலண்டு என்னும் கடற்கரை வாய்த்தது. 1897இல் அங்கே ஸ்டீப்பிள்சேஸ் பூங்கா திறக்கப்பட்டது. 1903இல் லூனா பூங்காவும், 1904இல் டிரீம்லேண்டும் எழுந்தன. 1916இல் போலந்து நாட்டிலிருந்து குடியேறிய ஒருவர் அங்குக் கடை வைத்து, மற்றோர் பத்துக் காசிற்கு விற்ற இறைச்சி ரொட்டியை ஐந்து காசிற்கு விற்றார். 1920இல் சுரங்க இரயில் அக்கடற்கரையை எட்டியது. அதன் கட்டணமும் ஐந்து காசே. தையல் தொழிலாளியும் துறைமுகக் கூலியாளும் குடும்பத்துடன் வந்து சேர்ந்தனர். ‘ஐந்து காசுப் பேரரசு’ என்று அதற்குப் பெயரும் வழங்கலாயிற்று. வண்டிக்கும் ஐந்து காசு, உணவிற்கும் ஐந்து காசு என்ற நிலையில், கையில் உள்ள சில்லறையை எண்ணிப் பார்த்தே ஒரு தாய் தன் குழந்தைகளை அழைத்து வர முடிந்தது. அங்கே கூட்டமும் அழுக்கும் ஒழுங்கின்மையும் மலிந்திருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆரஞ்சுத் தோட்டத்தில் எழுந்த வாயில்

அந்த ஒழுங்கின்மையைக் கண்டு வெறுத்தவருள் ஒருவர் வால்ட் டிஸ்னி. தம் புதல்வியர் இருவரும் ராட்டினத்தில் சுற்றுவதைப் பூங்காப் பலகையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக மகிழ்தற்குரிய இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்கு உதித்ததாக அவரே கூறியிருக்கின்றார். 1951இல் அவர் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் 1843ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் டிவோலி பூங்காவைக் கண்டு, அதன் தூய்மையில் உள்ளம் பறிகொடுத்தார்.

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கப்பட்டது. பணத்திற்கு அவர் பட்ட பாடு பெரிது. தம் ஆயுள் காப்புறுதியின் மேல் கடன் பெற்றார். ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் 5 லட்சம் டாலர் முதலீடு செய்து, மேலும் 45 லட்சம் டாலர் கடனுக்குப் பொறுப்பேற்று, பூங்காவில் மூன்றிலொரு பங்கைப் பெற்றது. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில், 1955 ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலேண்டு திறக்கப்பட்டது. அந்நாளில் போலிச் சீட்டுகளால் கூட்டம் பெருகியது. கடுவெயிலில் புதிய தார்ச்சாலை இளகியது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. ஆயினும் ஏழு வாரங்களில் பத்து லட்சம் பேர் வந்து சென்றனர்.

டிஸ்னி செய்த பெரிய மாற்றம் வாயில்தான். பூங்காவைச் சுற்றி மேட்டுவேலி எழுப்பி, ஒரே ஒரு நுழைவாயில் அமைத்து, நுழைவதற்கே கட்டணம் வைத்தார். பெரியவர்க்கு ஒரு டாலர், சிறுவர்க்கு 50 காசு. உள்ளே ஒவ்வொரு விளையாட்டிற்கும் தனிக் கட்டணம் வேறு. பழைய பூங்கா உரிமையாளர்கள் இத்திட்டம் தேறாது என்றனர். தேறியது. அன்று தொடங்கி உலகெங்கும் கேளிக்கைப் பூங்கா என்பது வேலியும் வாயிலும் உடையதாக மாறிற்று. காசில்லாதவன் வேடிக்கையாவது பார்க்கலாம் என்றிருந்த பழைய நிலை முடிவுக்கு வந்தது.

சீட்டுப் புத்தகமும் ஒரே சீட்டும்

அவ்வாண்டு அக்டோபரில் சீட்டுப் புத்தகம் அறிமுகமாயிற்று. நுழைவும் எட்டு விளையாட்டுகளும் சேர்ந்து பெரியவர்க்கு இரண்டரை டாலர். சீட்டுகள் ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் ‘டி’யும், 1959இல் ‘ஈ’யும் சேர்ந்தன. ‘ஈ’ சீட்டு இருந்தால் மிகச் சிறந்த விளையாட்டில் ஏறலாம். ஆனால் அத்தகைய சீட்டுகள் சிலவே. ஆகையால் எதை எப்போது பயன்படுத்துவது என்று குழந்தைகள் எண்ணித் துணிய வேண்டியிருந்தது. செலவழியாத ‘ஏ’ சீட்டுகள் பல வீடுகளின் மேசை அறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தெரிவு செய்தலே பொருளியலின் முதற்பாடம் எனின், அச்சீட்டுப் புத்தகம் ஒரு நல்ல பாடநூல்.

அறிஞர்களும் இதனை ஆராய்ந்தனர். பொருளியலறிஞர் வால்ட்டர் ஓய் 1971இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வாயிலில் மிகுதியாக வாங்கிவிட்டு உள்ளே மலிவாக விடுவதா, வாயிலில் குறைத்துவிட்டு உள்ளே விளையாட்டிற்கு மிகுதியாக வாங்குவதா என்னும் வினாவை எழுப்பினார். அவ்வினாவிற்கு வரலாறு அளித்த விடை விரைவில் வந்தது. 1982இல் டிஸ்னிலேண்டு சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டது. ஒரே சீட்டு, 12 டாலர், உள்ளே அனைத்தும் அதில் அடக்கம் என்றாயிற்று.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1955இல் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 75 காசு. இரண்டரை டாலர் சீட்டுப் புத்தகத்திற்கு 3 மணி 20 நிமிட உழைப்புப் போதும். 1982இல் குறைந்தபட்ச ஊதியம் 3 டாலர் 35 காசு. 12 டாலருக்கு ஏறத்தாழ 3 மணி 35 நிமிட உழைப்பு வேண்டும். 27 ஆண்டுகளில் உழைப்பால் அளந்த விலை பெரிதும் மாறவில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டு இறுதியில் ஒருநாள் சீட்டின் விலை நாளுக்கேற்ப 104 டாலர் முதல் 206 டாலர் வரை இருந்தது. கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியமோ 2009 முதல் 7 டாலர் 25 காசாகவே நின்றது. அதன்படி மிக மலிவான நாளுக்கே 14 மணி நேரத்திற்கு மேல் உழைக்க வேண்டும். கலிபோர்னியா மாநிலம் தனக்கென வகுத்த 16 டாலர் ஊதியத்தைக் கொண்டு கணக்கிட்டாலும், மலிவான நாளுக்கு ஆறரை மணி, விலை மிகுந்த நாளுக்கு ஏறக்குறைய 13 மணி ஆகின்றது. பூங்காவில் விளையாட்டுகள் பெருகின என்பது உண்மையே. ஆயினும் வாயில் எளியவனை விட்டு விலகிச் சென்றது என்பதும் உண்மையே.

விலை மட்டும் மாறவில்லை, பணம் செலுத்தும் முறையும் மாறியது. லங்காஷயர் தொழிலாளி முதலில் சேமித்துப் பின்னர்ச் சென்றான். 1958இல் அதே கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ நகர மக்களுக்கு ஒரு வங்கி கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. அன்று முதல், முதலில் சென்றுவிட்டுப் பின்னர்க் கட்டும் வழக்கம் பரவலாயிற்று. சேமித்தவனுக்குப் பயணம் முடிந்ததும் நினைவு மட்டும் எஞ்சியது. கடன்பட்டவனுக்கோ நினைவோடு வட்டியும் எஞ்சியது.

வரிசையும் மாறியது. சீட்டு வாங்கி உள்ளே நுழைந்தபின், செல்வன் மகனும் ஏழை மகனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. 1999இல் காத்திருப்பைக் குறைக்கும் விரைவுச் சீட்டு வந்தபோதும் அது இலவசமாகவே தரப்பட்டது. 2021 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் அதற்கு நாளொன்றுக்கு 20 டாலர் வீதம் கட்டணம் வந்தது. வாயிலுக்குள் மற்றொரு வாயில் எழுந்தது.

நம் மண்ணின் ‘உலகங்கள்’

இனி நம் பக்கம் திரும்புவோம். சிங்கப்பூரில் 1923இல் ஜாலான் புசார் பகுதியில் ‘நியூ வோர்ல்டு’ என்னும் கேளிக்கைப் பூங்கா தோன்றியது. 1931இல் ‘கிரேட் வோர்ல்டு’ எழுந்தது. அப்பத்தாண்டிலேயே கேலாங்கில் ‘ஹேப்பி வோர்ல்டு’ பிறந்தது. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா, ஈப்போவில் ஜூபிலி பூங்கா எனத் தீபகற்பத்திலும் இவை பரவின. மலாய் பங்சாவான் நாடகம், சீனக் கூத்து, குத்துச்சண்டை, மல்யுத்தம், திரைப்படம், ராட்டினம் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் நிகழ்ந்தன. பல இனத்தவரும் ஒன்றாக நடமாடிய இடங்கள் அவை. தொலைக்காட்சியும் பேரங்காடிகளும் வந்தபின் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கின்றது.

நம் தோட்டப்புற மக்களுக்கு அந்த ‘உலகங்கள்’ எட்டினவா? 1920களின் பிற்பகுதியில் முக்கியமான ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் சட்டப்படி வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியில்லை. ஆகவே நகரத்துப் பூங்கா அவர்களுக்குத் தொலைவிலேயே இருந்தது. அவர்களின் கேளிக்கை தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும், திடலில் திரையிட்ட படமும், தைப்பூசத்திற்கு லாரியேறிப் பத்துமலை செல்வதுமேயாகும். அங்கு மலையடிவாரத்தில் சுற்றிய ராட்டினமே நம் முன்னோரின் பிள்ளைகள் கண்ட முதல் கேளிக்கைப் பூங்கா எனலாம். அதற்கு வேலியில்லை, வாயிற் கட்டணமும் இல்லை.

வாயிற் கட்டணம் என்ன செய்யும் என்பதற்கு அண்மை நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1937இல் ஆவ் பூன் ஹாவ் என்னும் செல்வர் சிங்கப்பூரில் புலித்தைலத் தோட்டத்தை அமைத்தார். சீனப் புராணக் காட்சிகள் நிறைந்த அந்தத் தோட்டத்திற்குப் பொதுமக்கள் இலவசமாக வந்து சென்றனர். 1990இல் அது புதுப்பிக்கப்பட்டு, பெரியவர்க்கு 16 வெள்ளிக் கட்டணத்துடன் நவீனக் கேளிக்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தொடக்க ஆர்வம் தணிந்தபின் வருகை குறைந்தது, இழப்பு மிகுந்தது. பின்னர் அந்த வாயில் மீண்டும் இலவசமாகத் திறக்கப்பட்டது. மக்கள் தம்முடையதாகக் கருதிய ஓரிடத்திற்கு விலை வைத்தால் என்ன நேரும் என்பதை அது காட்டிற்று.

மலேசியாவில் 1993இல் பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் சன்வே லகூன் எழுந்தது. 2012 செப்டம்பரில் ஜொகூரில் லெகோலாந்து திறக்கப்பட்டது. திறப்பின்போது அங்கே ஒருநாள் கட்டணம் பெரியவர்க்கு 140 ரிங்கிட், சிறுவர்க்கு 110 ரிங்கிட். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்திற்கு நுழைவு மட்டும் 500 ரிங்கிட். அதற்கு மூன்று மாதங்களுக்குப்பின், 2013 ஜனவரியில், தீபகற்பத்தில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 900 ரிங்கிட். பாதிக்கு மேற்பட்ட மாத ஊதியத்தை ஒரு பகற்பொழுதில் செலவிட எந்தத் தொழிலாளியால் முடியும்? 2025 பிப்ரவரியில் அவ்வூதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மைகாட் வைத்திருப்போர்க்குக் கழிவு தரும் பூங்காக்களும் உண்டு. அந்தக் கழிவு, 1851இன் ஒரு ஷில்லிங் நாளுக்கு ஒருவகையில் வாரிசு எனலாம்.

விடுமுறைக்காலமும் விலையும்

1851க்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியப் பெருமக்கள் கூர்ந்து நோக்க வேண்டுகின்றேன். நாளுக்கு ஒரு விலை வைத்தல் புதிதன்று. பளிங்கு மாளிகையிலும் நாளுக்கேற்ற விலை இருந்தது. ஆனால் அங்கு விலை வேறுபட்டது எளியோரும் வருவதற்காக. 2016இல் டிஸ்னிலேண்டு நாளுக்கேற்ற விலை முறையைக் கொண்டுவந்தது கூட்டம் மிகும் நாளில் கூடுதலாக வாங்குவதற்காக. கூட்டம் மிகும் நாள் எது? பள்ளி விடுமுறை நாள். அதாவது, பிள்ளைகளை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரே மிகுந்த விலை கொடுக்கின்றனர்.

இதன் விளைவு இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு 2013இல் வந்த விதித்திருத்தம், விதிவிலக்கான சூழ்நிலையிலன்றிப் பள்ளி நாள்களில் விடுப்பு அளிக்கலாகாது என்று தலைமையாசிரியர்களின் கையைக் கட்டியது. 2015 ஏப்ரலில் ஒரு தந்தை, பள்ளி இசைவளிக்காத நிலையிலும் தம் மகளை ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவிற்கு அழைத்துச் சென்றார். 60 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. கட்டாமையால் அது 120 ஆயிற்று. கீழ்நீதிமன்றங்கள் அவர் பக்கம் சாய்ந்தபோதிலும், 2017 ஏப்ரல் 6ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒழுங்காக வருதல் என்றால் பள்ளியின் விதிப்படி வருதல் என்பது அத்தீர்ப்பின் கருத்து. தீர்ப்பு நேரியதே. வகுப்பறையின் ஒருநாள், பூங்காவின் ஒருநாளுக்கு ஈடாகக் கழிக்கத்தக்கதன்று. எனினும், விடுமுறையில் விலையை ஏற்றும் வணிகத்திற்கும், பள்ளி நாளில் செல்லத் தடையிடும் சட்டத்திற்கும் நடுவே நெரிபடுவது குறைந்த வருவாய்க் குடும்பமே என்பதையும் நாம் மறத்தலாகாது.

வரலாறு காட்டும் வழி

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. டிஸ்னிலேண்டு பிறந்த அதே 1955ஆம் ஆண்டில்தான் நம் வேலைவாய்ப்புச் சட்டமும் பிறந்தது. இன்றைய வடிவில் அச்சட்டம், பணிக்கால அளவிற்கேற்ப ஆண்டிற்கு 8, 12, 16 நாள்கள் ஊதிய விடுப்பை உறுதிசெய்கின்றது. நாட்கூலியை இழந்தாலன்றி ஓய்வில்லை என்றிருந்த நம் பாட்டன்மார் காணாத உரிமை இது.

கூட்டுச் சேமிப்பும் நமக்குப் புதிதன்று. ‘கூட்டு’ கட்டும் வழக்கம் நம் மக்களிடையே வேரூன்றியது. அதனைத் தொழிலாக நடத்தி ஏமாற்றுவோரைத் தடுக்க 1971இல் மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றுள்ளது. நேரிய வழியில் சிறுதொகை பெருந்தொகையாகும் என்பதை 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மெய்ப்பித்தது. தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. நம் முஸ்லிம் சகோதரர்கள் புனிதப் பயணத்திற்காகச் சேமிக்க, அறிஞர் உங்கு அசீஸ் 1959இல் வகுத்தளித்த கருத்தின் வழியே 1963இல் தாபோங் ஹாஜியின் முன்னோடி அமைப்புத் தொடங்கப்பெற்றது. பெரும் பயணத்தைக் கடனின்றி மேற்கொள்ள ஓர் இனமே பழகிக்கொண்ட வரலாறு அது.

இவ்வழிகளைப் பள்ளியளவில் நாம் பின்பற்றலாம். வாரம் 12 ரிங்கிட் சேமிக்கும் குடும்பத்திற்கு 50 வாரத்தில் 600 ரிங்கிட் சேர்கின்றது. இதனை மாணவனே ஏட்டில் எழுதிக் கணக்கு வைப்பானாயின், கணிதமும் பொறுமையும் ஒருங்கே கற்கின்றான். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஓராண்டுச் சேமிப்புத் திட்டத்துடன் கூடிய சுற்றுலாவை அமைத்தால், குழுவாகச் செல்வோர்க்குரிய கழிவும் கிட்டும். இயலாத வீட்டுப் பிள்ளையின் பங்கை மற்றையோர் சத்தமின்றி ஏற்றுக்கொள்ளவும் வழி பிறக்கும். தன் வகுப்பினர் அனைவரும் சென்று வந்த இடத்தைப் பற்றி மறுநாள் கட்டுரை எழுதச் சொல்லும்போது, செல்லாத ஒரு மாணவன் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நிலை நம் பள்ளிகளில் நேரலாகாது.

கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்லாத குழந்தைக்கு வாழ்வில் குறை வந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆற்றங்கரையும் கடற்கரையும் கோயில் திருவிழாவும் இன்னும் வாயிற் கட்டணமின்றியே நம்மை அழைக்கின்றன. ஆனால் பெற்றோரோடு ஒருநாள் கவலையின்றி மகிழ்ந்திருத்தல் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது. அந்த ஒருநாளைச் சட்டத்தால் பெற்றவர்களும், சேமிப்பால் வாங்கியவர்களும், ஒன்றுகூடி வென்றவர்களுமாகிய உழைப்பாளிகளின் வரலாற்றை நம் மாணவர்கள் அறிய வேண்டும். அறிந்தால், கேட்டவுடன் கிடைக்காத மகிழ்ச்சியை ஏக்கத்தோடு நோக்காமல், திட்டமிட்டு எய்தும் குறிக்கோளாக நோக்குவர். கடன் வாங்கிக் களிக்கும் ஒருநாளைவிட, ஆண்டு முழுதும் காத்திருந்து சேமித்துக் களிக்கும் ஒருநாள் நெடிது நினைவில் நிற்கும்.